திருவனந்தபுரத்தில் கூடவிருக்கும் கணித, கணினியியல் மாநாடுகளின் அமைப்புக் குழுக்களுக்கு



டிசம்பரில் தொடங்கிப் பிப்ரவரி முடியும் வரையுள்ள மாதங்களே இந்தியாவில் கணிதத்துக்கும் கணினியியலுக்கும் மாநாட்டுப் பருவம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் குளிர்கால விடுமுறையும், கேரளத்தில் மழை ஓய்ந்து வெயில் ஏறாத இடைக்காலமும், இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22ஆம் நாள் 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுவதும் ஒன்றுசேர்ந்து இந்தப் பருவத்தை உருவாக்கியிருக்கின்றன. நிகழ்ச்சி நிரல்கள் அச்சேறுவதற்கு முன் அமைப்புக் குழுக்களின் முன் ஒரு கோரிக்கையை வைப்பதே இம்மடலின் நோக்கம்: மாநாடு என்பது கட்டுரை வாசித்ததற்குச் சான்றிதழ் பெறும் இடமாகச் சுருங்கிவிடாமல், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டு, ஐயுற்று, வினவித் திருத்தும் இடமாக இருக்க வேண்டும், அந்த இடத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் இருபுறத்து மாணவர்களும் வந்து சேர வழி இருக்க வேண்டும்.

இரு துறைகளிலும் மாநாடு ஆற்றும் பணி ஒன்றல்ல. கணிதத்தில் ஒரு தேற்றத்தின் நிரூபணம் ஆய்விதழில்தான் நிலைபெறுகிறது. மதிப்பீட்டாளர் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க மாதங்களும், சில வேளை ஆண்டுகளும் எடுத்துக்கொள்கிறார். மாநாட்டு உரையோ முடிந்ததை அறிவிக்கவும் முடியாததைப் பிறர் முன் வைத்து யோசனை கேட்கவும் பயன்படுகிறது. கணினியியலிலோ, துறை விரைந்து வளர்ந்த காரணத்தால், மாநாட்டுத் தொகுப்பே முதன்மையான வெளியீடாகிவிட்டது. அங்கே கட்டுரைகள் குறித்த நாளுக்குள் வந்து சேர வேண்டும். நிகழ்ச்சிக் குழு எனப்படும் வல்லுநர் குழு ஒவ்வொன்றையும் பெரும்பாலும் மூவரிடம் தந்து மதிப்பிடும். நல்ல மாநாடுகளில் வந்தவற்றுள் பாதிக்கு மேல் நிராகரிக்கப்படும். இந்தியாவில் இந்த வழக்கத்தை வேரூன்றச் செய்ததில் 1981இல் பெங்களூரில் தொடங்கி ஆண்டுதோறும் டிசம்பரை ஒட்டிக் கூடிவரும் எஃப்.எஸ்.டி.டி.சி.எஸ். மாநாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. மென்பொருள் தொழில்நுட்பத்தின் அடிப்படைகளையும் கோட்பாட்டுக் கணினியியலையும் பொருளாகக் கொண்ட அந்த மாநாட்டின் தொகுப்புகளை, 2008 முதல் ஜெர்மனியின் டாக்ஸ்டூல் மையத்தின் வழியாக எவரும் கட்டணமின்றிப் படிக்க முடிகிறது.

இரு துறைகளும் எல்லைக்கோடு இல்லாமல் கலக்கும் நிலங்களும் உண்டு. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கொண்ட அமைப்புகளை ஆராயும் கோட்டுருவியல் அவற்றுள் ஒன்று. அதில் ஒரு வடிவத்தின் பண்பை நிறுவுவது கணிதமென்றால், அந்தப் பண்பு இருக்கிறதா என்று கணினி எத்தனை படிகளில் கண்டறியும் என்பது கணினியியல். இந்தச் சந்திப்புக்கென்றே 2015இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கப்பட்ட கால்டம் மாநாடு தன் இரண்டாவது கூட்டத்தை 2016 பிப்ரவரி 18 முதல் 20 வரை திருவனந்தபுரத்தில், கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் நடத்தியது. பின்னர் கோவா, குவாஹாத்தி எனப் பல ஊர்களுக்குச் சென்று 2022இல் புதுச்சேரிக்கும் 2025இல் கோயம்புத்தூருக்கும் வந்தது. மாநாட்டுக்கு முந்தைய நாட்களில் ஆய்வு மாணவர்களுக்கென ஒரு பயிலரங்கு நடத்தி, பின்னர் வரவிருக்கும் உரைகளைப் பின்தொடரத் தேவையான அடிப்படைகளைக் கற்பித்துவிடுவது அதன் நல்ல வழக்கம். ஆகவே இம்மடல் கேட்பது இந்த நகரம் அறியாத ஒன்றையல்ல.

கேட்போர் இல்லாத உரை எவ்வளவு பெரிய உண்மையைச் சொன்னாலும் காற்றோடு போய்விடும் என்பதற்கு 1930 செப்டம்பரில் கோனிக்ஸ்பெர்க் நகரில் நடந்த கூட்டம் சான்று. எண்கணிதத்தை உள்ளடக்கிய, முரண்பாடற்ற எந்த முறையான அமைப்பிலும் உண்மையாக இருந்தும் அந்த அமைப்புக்குள் நிறுவ முடியாத கூற்றுகள் உண்டு என்ற தம் கண்டுபிடிப்பை, குர்ட் கோடெல் என்ற இளைஞர் அங்கே இறுதி நாள் கலந்துரையாடலில் சில வாக்கியங்களில் சொன்னார். அவையில் இருந்தோரில் அதன் ஆழத்தை அப்போதே உணர்ந்தவராக அறியப்படுபவர் ஜான் வான் நாய்மன். அவர் கோடெலைத் தனியே அணுகி விவரம் கேட்டார். இருபதாம் நூற்றாண்டுத் தருக்கவியலின் மிகப் பெரிய முடிவு முதன்முதலில் பொதுவில் வெளிப்பட்டது அச்சிட்ட நிகழ்ச்சி நிரலில் இருந்த உரையில் அல்ல, கலந்துரையாடலுக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தில். அந்த நேரத்தை மிச்சப்படுத்தி இன்னும் நான்கு கட்டுரைகளைச் சேர்த்திருந்தால் என்ன இழந்திருப்போம் என்பதை நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

திருவனந்தபுரத்துக்கு இன்னும் நெருக்கமான ஒரு வாழ்க்கையும் உண்டு. சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை 1901 ஏப்ரல் 5 அன்று குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தவர். தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர். செங்கோட்டையில் படித்தபோது ஆசிரியர் ஒருவரின் அன்பாலும் உதவியாலும் கல்வியைத் தொடர்ந்தவர். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்து, பின்னாளில் யூனிவர்சிட்டி கல்லூரியான திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆனந்தராவ் முதலியோரிடம் ஆய்வு பயின்று, 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அங்கிருந்த ஆண்டுகளில்தான் எந்த எண்ணையும் குறித்த அடுக்கைச் சேர்ந்த எத்தனை எண்களின் கூட்டலாக எழுதினால் போதும் என்று கேட்கும், வாரிங் சிக்கல் எனப்படும் பழைய எண்கணித வினாவில் அவருடைய பெரும் பணி நிகழ்ந்தது. எந்த இயல் எண்ணையும் அதிகபட்சம் நான்கு வர்க்க எண்களின் கூட்டலாக எழுதலாம் என்று 1770இல் லக்ராஞ்சு நிறுவியிருந்தார். கன எண்களுக்கு ஒன்பது போதும் என்பதும் பின்னர் நிறுவப்பட்டது. ஆறாம் அடுக்குகளுக்கு 73 போதும் என்று 1940இல் நிறுவியவர் பிள்ளை. அதற்கு முன்பே ஏழும் அதற்கு மேலும் உள்ள அடுக்குகளுக்கான விடையை, ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, அமெரிக்காவில் டிக்ஸனும் இங்கே பிள்ளையும் ஒருவரை ஒருவர் சாராமல் கண்டடைந்திருந்தனர்.

அவருடைய இன்னொரு முடிவைப் பள்ளி மாணவியும் தாளில் சோதித்துப் பார்க்கலாம். அடுத்தடுத்து வரும் எண்களைப் பதினாறு வரை எத்தனை எடுத்தாலும், அவற்றுள் ஏதேனும் ஒன்றாவது மற்ற எதனோடும் 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாததாக இருக்கும். பதினேழு எண்களை எடுத்தால் இந்த விதி பொய்க்கலாம். 2184 முதல் 2200 வரை உள்ள பதினேழு எண்களில் அப்படித் தனித்து நிற்கும் எண் ஒன்றுகூட இல்லை. 2197 தனித்து நிற்கும் என்று தோன்றும், ஆனால் அது 13இன் கனம், 2184ம் 13ஆல் வகுபடுகிறது. 2189ஐ நம்பினால் 2200உடன் அது 11ஐப் பகிர்ந்துகொள்கிறது. எண்கணிதத்தின் அழகை இவ்வளவு எளிய உருவில் காட்டும் முடிவுகள் அரியவை. இது தென்தமிழகத்தில் பிறந்து இந்த நகரத்தில் பட்டம் பெற்ற ஒருவருடைய கண்டுபிடிப்பு என்பது இங்குள்ள வகுப்பறைகளில் சொல்லப்பட வேண்டிய செய்தி.

1941இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்கும் அடுத்த ஆண்டு கல்கத்தா பல்கலைக்கழகத்துக்கும் சென்ற பிள்ளைக்கு, 1950இல் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட வேண்டிய உலகக் கணிதப் பேராயம் போரினால் தடைப்பட்டு, 1936க்குப் பிறகு முதன்முறையாக அந்த ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. அதில் கலந்துகொள்ளவும் அவர் எண்ணியிருந்தார். பம்பாயிலிருந்து நியூயார்க் செல்லும், அவர் பயணம் செய்த விமானம் ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவை விட்டுக் கிளம்பிய சிறிது நேரத்தில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். நாற்பத்தொன்பது வயதில், வாழ்நாள் உழைப்பை உலகின் பெரிய அவை ஒன்றில் நேரில் பேசும் வாய்ப்பு கைக்கெட்டிய வேளையில், பிள்ளை அந்த அவையை அடையவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, 2010 ஆகஸ்டில், அதே பேராயம் முதன்முறையாக இந்திய மண்ணுக்கு வந்து ஐதராபாத்தில் கூடியது, இரா. பாலசுப்பிரமணியனும் ஆர். தங்கதுரையும் பதிப்பித்த பிள்ளையின் முழுப் படைப்புகளும் அந்த ஆண்டில்தான் வெளிவந்தன. வாரிங் சிக்கலில் நான்காம் அடுக்குக்கு 19 என்ற விடையை 1986இல் தந்த மூவரில் ஒருவர் அதே பாலசுப்பிரமணியன். மற்ற இருவர், தெசூயேயும் திரெசும், பிரான்ஸ் நாட்டினர். பிள்ளை நடந்த பாதையின் இந்தப் பகுதி நாடுகளுக்கிடையிலான கூட்டுழைப்பால்தான் கடக்கப்பட்டது.

பிள்ளையின் இளமைப் பயணத்தை இன்றைய நிலவரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1க்கு முன் நாகர்கோவிலும் செங்கோட்டையும் திருவிதாங்கூரின் நிர்வாகத்தோடு இணைந்திருந்தன. அங்கே படித்த பிள்ளைகள் மேற்படிப்புக்குத் திருவனந்தபுரம் வருவது இயல்பாக இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தது நியாயமான மாற்றம். ஆனால் அதன் பிறகு பல்கலைக்கழக இணைப்பும் உதவித்தொகையும் சுற்றறிக்கைகளும் மாநில எல்லையோடு நின்றுவிட்டதால், நாகர்கோவிலில் கணிதம் படிக்கும் ஒரு முதுகலை மாணவிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவனந்தபுரத்தில் நடக்கும் உரை தெரியாமல் போய், 700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையின் அறிவிப்பு தெரிகிற நிலை உருவாகியிருக்கிறது. சென்னையில் கணித அறிவியல் நிறுவனமும் சென்னைக் கணிதக் கழகமும் இருப்பது தமிழகத்தின் பேறுதான். எனினும் காலையில் பேருந்தேறி இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய தொலைவில் இந்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனமான ஐசரும், இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகமும், கேரளப் பல்கலைக்கழகமும், டிஜிட்டல் பல்கலைக்கழகமும் இருக்கையில், அவற்றின் அவைகளில் கன்னியாகுமரி, தென்காசி, திருநெல்வேலி மாவட்ட மாணவர்கள் எண்ணிக்கையில் தெரியும்படி அமர்ந்திருக்க வேண்டாமா? விடுதியில் தங்க அனுமதிக்காத வீடுகளிலிருந்து படிக்க வரும் பெண்களுக்கு இந்த அருகாமையே வாய்ப்பு என்பதைச் சேர்த்து எண்ணினால் இந்தக் கேள்வியின் கனம் இன்னும் கூடும்.

மாநாடுகள் ஏன் கேட்கும் இடங்களாக இல்லாமல் போகின்றன என்பதற்கு அமைப்பாளர்களைக் குறை சொல்வது எளிது. காரணம் பெரும்பாலும் விதிகளில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிமுறைகள், முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தருவதற்கு முன் ஒவ்வொரு மாணவரும் இரண்டு மாநாடுகளிலோ கருத்தரங்குகளிலோ கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்றன. 2022 நவம்பரில் வந்த புதிய விதிமுறைகள் அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டன. ஆனால் ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் உரிய 2018 விதிகளின் மதிப்பெண் பட்டியல் வெளிநாட்டில் நடக்கும் சர்வதேச மாநாட்டு உரைக்கு 7, உள்நாட்டில் நடக்கும் சர்வதேச மாநாட்டு உரைக்கு 5, தேசிய மாநாட்டுக்கு 3, மாநில அளவிலான கூட்டத்துக்கு 2 என்று வகுத்தது. ஒரு சிறு கல்லூரியின் இரண்டு நாள் கூட்டமும் சர்வதேச மாநாடு என்று பெயர் சூட்டிக்கொள்வதற்கும், அந்தப் பெயரைக் காக்க இணையவழியில் ஒரு வெளிநாட்டுப் பேச்சாளர் தேடப்படுவதற்கும், எண்பது கட்டுரைகள் இணை அமர்வுகளில் பத்துப் பத்து நிமிடங்களாக நறுக்கப்படுவதற்கும் பின்னால் இருப்பது இந்த எண்களே. தலைவர் மணியடிக்கும்போது கடைசிப் படத்துக்குத் தாவி நன்றி சொல்லி இறங்கும் ஆய்வு மாணவர், தம் நிரூபணத்தின் மூன்றாவது வரியில் ஓட்டை இருக்கிறதா என்பதை அந்த அவையிலிருந்து அறிய வழியே இல்லை.

மதிப்பெண்ணுக்கான இந்தத் தேவையின் மேல் வணிகமும் வளர்ந்திருக்கிறது. 2005இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் மூவர், பொருளற்ற கணினியியல் கட்டுரைகளைத் தானே எழுதித் தரும் சைஜென் என்ற நிரலை உருவாக்கினர். அது எழுதிய கட்டுரை ஒன்றை ஆர்லாண்டோவில் நடக்கவிருந்த மாநாடு மதிப்பீடு செய்யாமலே ஏற்றுக்கொண்டது. 2014இல் ஸ்பிரிங்கரும் ஐ.இ.இ.இ.யும் தம் மாநாட்டுத் தொகுப்புகளில் புகுந்திருந்த அத்தகைய 120க்கும் மேற்பட்ட கட்டுரைகளை நீக்க நேர்ந்தது. ஐதராபாத்தை மையமாகக் கொண்ட ஓமிக்ஸ் நிறுவனம், பேச ஒப்புக்கொள்ளாத அறிஞர்களின் பெயர்களையும் காட்டித் தன் மாநாடுகளை விளம்பரம் செய்தது உள்ளிட்ட ஏமாற்று நடைமுறைகளுக்காக 2019இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றால் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்துமாறு ஆணையிடப்பட்டது. இன்று மொழி மாதிரிகள் சைஜெனைவிடப் பன்மடங்கு திறமையாகக் கட்டுரை புனையும் நிலையில், கட்டுரையைப் பார்த்து மட்டும் அதன் உண்மையை அறிவது கடினமாகிவருகிறது. எழுதியவரை எதிரில் நிறுத்தி, கரும்பலகையில் விளக்கச் சொல்லி, குறுக்கே கேட்பதுதான் எஞ்சியிருக்கும் நம்பகமான சோதனை. மாநாட்டின் மதிப்பு குறைந்துவிட்டது என்று சிலர் கருதும் காலத்தில்தான் நேர்மையாக நடத்தப்படும் மாநாட்டின் தேவை முன்னெப்போதையும்விட மிகுந்திருக்கிறது.

ஆகவே அமைப்புக் குழுக்களை இம்மடல் கேட்டுக்கொள்வது இது. வாசிக்கப்படும் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிட உரையும் பத்து நிமிட வினா நேரமும் தர வேண்டும். வினா நேரத்தை உரை தின்றுவிடாமல் காப்பது அமர்வுத் தலைவரின் முதல் கடமை என்று எழுத்தில் சொல்லப்பட வேண்டும். முதல் வினா மாணவர்களிடமிருந்து வரட்டும் என்று தலைவர் சில நொடிகள் காத்திருப்பது ஒரு சிறு மரியாதை. மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து நீண்ட கருத்துரை வழங்கிய பின் இருபத்திரண்டு வயது மாணவி கை உயர்த்துவதில்லை என்பதை அவைகளில் அமர்ந்த எவரும் கண்டிருப்பர். கட்டுரை ஏற்கப்பட்டாலும் மறுக்கப்பட்டாலும் மதிப்பீட்டாளரின் குறிப்புகள் எழுதியவருக்கு முழுமையாகச் சென்று சேர வேண்டும். எத்தனை வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன என்பது தொகுப்பின் முன்னுரையில் இடம்பெற வேண்டும். மறுக்கப்பட்ட கட்டுரையின் ஆசிரியரும் பார்வையாளராகக் குறைந்த கட்டணத்தில் வரலாம் என்று அறிவித்தால், மாநாட்டுக்கு வருவதும் கட்டுரை வாசிப்பதும் வெவ்வேறு என்பது நிலைபெறும்.

மாநாட்டுக்கு முந்தைய பயிலரங்கு எல்லா மாநாடுகளுக்கும் உரியதாக வேண்டும். அதில் ஓர் அமர்வாவது மலையாளத்திலும் தமிழிலும் நடக்கலாம். உயர் கணிதத்தை இம்மொழிகளில் விளக்க முடியுமா என்ற ஐயம் இந்த மண்ணில் எழவே கூடாது. சங்கமகிராமத்து மாதவர் பதினான்காம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த மரபின் முடிவிலாத் தொடர்களை, வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை ஒற்றை எண்களின் பின்னங்களால் படிப்படியாக நெருங்கும் முறை உட்பட, ஜ்யேஷ்டதேவர் 1530ஆம் ஆண்டை ஒட்டி ‘யுக்திபாஷா’ நூலில் நிரூபணங்களோடு மலையாளத்தில்தான் எழுதினார். அந்த மரபு ஆசிரியர், மாணவர் என்ற சில குடும்பங்களின் வட்டத்துக்குள் நூற்றாண்டுகள் வாழ்ந்து, 1830களில் ஆங்கிலேயரான சார்லஸ் விஷ் அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகும் பரவலாக அறியப்பட மேலும் நூறாண்டுகள் ஆயின. அவ்வளவு பெரிய சிந்தனைக்கும் வெளியே கேட்போர் வேண்டியிருந்தது. விருந்தினர்களை மாலையில் கோவளத்துக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் தொடரட்டும். ஒரு பிற்பகலைக் காரியவட்டத்திலுள்ள கீழ்த்திசை ஓலைச்சுவடி நூலகத்துக்கும் ஒதுக்கினால், மாணவர்கள் தாம் படிக்கும் தொடர்களின் பழைய உருவத்தைக் கண்முன் காண்பர்.

இவற்றுள் எதற்கும் பெரும் நிதி தேவையில்லை. அடுத்த மாநாட்டின் அறிவிப்பை வெளியிடும் நாளிலேயே நாகர்கோவில், தென்காசி, திருநெல்வேலிக் கல்லூரிகளின் கணித, கணினியியல் துறைத் தலைவர்களுக்கும் அனுப்புவதும், அங்கிருந்து வரும் முதுகலை மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணத்தை நீக்கி மதிய உணவுச் சீட்டு தருவதும், முதல் அமர்வைப் பத்தரை மணிக்குத் தொடங்கி அவர்கள் மாலை வண்டியைப் பிடிக்கும்படி நிரலை முடிப்பதும் ஒரு குழுவின் ஒரு நாள் வேலை. பிள்ளை பிறந்து 125 ஆண்டுகள் 2026இல் நிறைகின்றன. அதை ஒட்டி அவர் பட்டம் பெற்ற நகரத்தில், அவர் பெயரால் ஆண்டுதோறும் ஓர் உரையை நிறுவி, அதை நாற்பது நிமிடங்களோடு முடித்து, அடுத்த நாற்பது நிமிடங்களை மாணவர்களின் வினாக்களுக்கு விட்டுவைக்குமாறு இம்மடல் அமைப்புக் குழுக்களைக் கேட்டுக்கொள்கிறது. முதல் உரைக்குரிய பொருளாக 2184 முதல் 2200 வரையுள்ள எண்களையே எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கரும்பலகையும் சாக்கட்டியும் போதும்.